சேற்றில் நின்ற பினாங்கு அண்ணி

மல்லிகா சாவுச் செய்தியைச் சொல்லவில்லை. "அத்தை, ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டோம். நீங்க பொறப்பட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். தஞ்சாவூர் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை முறத்திலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அவள் அம்மா, என் அஞ்சலை அண்ணி, போய்விட்டார் என்று மனத்தில் பட்டதும் அழுகை வரவில்லை. நல்லவேளை, ஒன்றும் நடக்காமல் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றியது. அண்ணியிடம் பழக வந்து களத்தில் நின்ற உங்களுக்குக்கூட இது விளங்காது. விளங்கவைக்கத்தான் எழுதுகிறேன்.

ஊர் முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அண்ணியின் படத்துக்குப் பக்கத்தில், எங்கிருந்தோ எடுத்த ஒரு சீனக்காரன் முஷ்டியை மடக்கி, காலை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கீழே 'குங்ஃபூ வீராங்கனை' என்று போட்டிருந்தது. பிள்ளைகள் ஆசையாகச் செய்தது, குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷி எங்களில் ஒருத்திக்கும் முஷ்டி மடக்கச் சொல்லித்தந்ததில்லை. நிற்கவும் நடக்கவும்தான் சொல்லித்தந்தார்.

அண்ணி பினாங்கில் பிறந்தவர். அப்பா துறைமுகக் கூலி. அடுத்த வீட்டில் சவப்பெட்டி செய்கிற ஒரு சீனக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாள்தான் இவருக்குக் குங்ஃபூ பழக்கியவர். சவப்பெட்டிப் பலகைகளுக்கு நடுவே இவரை நிற்கவைத்து ஓர் ஊதுபத்தி கொளுத்துவாராம். அது எரிந்து முடியும்வரை அசையக் கூடாது. பிறகு குடும்பத்தோடு கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கி, என் பெரியப்பா மகன் கோவிந்தராசு அண்ணனைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் சேற்றில் இறங்கினார். நடவில் எனக்குப் பக்கத்து ஆள். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நான் அப்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருக்கும்போதும் பசிக்கும் என்பதால் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஆட்சி மாறியிருந்தது, சுவர்களில் சின்னம் மாறியிருந்தது. மிராசுதாரின் காரில் எப்போது எந்தக் கொடி பறக்கவேண்டுமோ அந்தக் கொடி பறந்தது. எங்கள் தெரு ஆட்கள் அவர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார்கள். குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் சொன்னது. ஆனால் யார் சாகுபடி செய்தாரோ அவர் பெயர்தான் அடங்கல் என்கிற கிராமக் கணக்கில் ஏறும். ஒரு போகம் மிராசுதாரின் ஆட்கள் நட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு எங்கள் பேச்சு எந்த ஆபீசிலும் எடுபடாது. அந்த வருஷம் குறுவையை அவரே நடப்போகிறார் என்ற பேச்சு கோடையிலேயே ஊருக்குள் வந்துவிட்டது.

பேச்சு வந்த நாளிலிருந்து ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் டீக்கடைக்குள் நுழைந்தால் அங்கே இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த ரைஸ்மில்லில் அடுப்புப் புகை தெரிந்தது. உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பக்கத்துத் தாலுக்காவில் குடிசைகள் எரிந்த கதை எல்லார் வயிற்றிலும் கிடந்தது. பெண்கள் கூரைமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். கேட்டால், வெயில் தாங்கவில்லை என்றார்கள்.

"நிக்கக் கத்துக்கங்கடி" என்று அண்ணி எங்களைக் களத்துக்குக் கூப்பிட்டது அந்தக் கோடையில்தான். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த களத்தில், சாயங்காலம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாக நிற்போம். காலை அகட்டி, பாதத்தை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கவேண்டும். முதுகு வளையக் கூடாது. மூச்சு அடிவயிற்றில் இருக்கவேண்டும். மாபூ என்று அதற்குப் பெயர், குதிரைமேல் இருக்கிற நிலை. அய்யனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையை நாங்கள் கண்டதில்லை. ஊதுபத்தி மெல்ல எரியும், எங்கள் தொடை வேகமாக நடுங்கும். "எழவு வீட்டு வாசன அடிக்குது பினாங்கு, மொதல்ல அத அணை" என்று செல்லம்மாள் முனகுவார். எங்கள் நடவு ஆட்களில் வாய் பெரிய ஆள் அவர்தான். அண்ணி சிரிக்காமல் பின்னால் வந்து இடுப்பில் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவார். செல்லம்மாள் குப்புற விழுவார்.

நிற்கப் பழகியபின் நடை. ஒரு கால் பாரக்கால், மற்றது சும்மாக்கால் என்று அண்ணியே பெயர் வைத்திருந்தார். உடம்பு முழுக்கப் பாரக்காலில் இருக்கவேண்டும். சும்மாக்கால் பூனையின் கால்போல நுனியால் தரையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். "சும்மாக்கால மொதல்ல அனுப்பு. மண்ணு சரின்னு சொன்னா அப்பறம் நீ போ" என்பார். பின்னோக்கிப் போகும் அடிதான் கஷ்டம் என்று அவர் எதிர்பார்த்தார். எங்களுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. நடவு நடுகிறவள் வாழ்நாள் முழுக்கக் குனிந்து பின்னால்தானே போகிறாள். அதைப் பார்த்து அண்ணி முதல்முறையாகச் சிரித்தார். "இத எனக்குச் சொல்லிக்குடுக்க அந்தம்மா எத்தன நாளு ஏசுனாங்க தெரியுமா" என்றார்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் செல்லம்மாள் பொறுமை இழந்தார். "நின்னுக்கிட்டே இருந்தா வாரவன் கும்புட்டுட்டுப் போயிடுவானா? அடிக்கச் சொல்லிக்குடு" என்று களத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"அடிக்கத் தெரிஞ்சா அடிச்சிருவீங்க" என்றார் அண்ணி. "அவங்க காத்துக்கிட்டிருக்கறதே அதுக்குத்தான். ஒருத்தி கை வச்சா போதும். போலீசு எறங்கும், அத்தன பேரையும் வேன்ல ஏத்தும். அப்பறம் நடவு யாரு நடுவா?" சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்தது நியாயம் பேசுகிறவரின் முகமாக இல்லை, வெளிறிப்போயிருந்தது.

மறுநாள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். பினாங்கில் துறைமுகத்துப் பக்கம் ஒருவன் அவர் பின்னாலேயே வந்திருக்கிறான். "தோள்ல கை வச்சான் வசந்தா. அவ்ளோதான் எனக்குத் தெரியும். என் கை தானாப் போயிருச்சு." அடி தொண்டையில் விழுந்திருக்கிறது.

"செத்துட்டானா அண்ணி?"

"சாகல. பேச்சு போயிருச்சு. அவன் பொண்டாட்டி தெனம் எங்க வாசல்ல வந்து நிப்பா. சண்ட போட மாட்டா, ஒண்ணும் கேக்க மாட்டா. என் கையையே பாத்துக்கிட்டு நிப்பா." அதனால்தான் அவர் அப்பா குடும்பத்தோடு கப்பல் ஏறினாராம். துணியைப் பிழிந்துகொண்டே இதைச் சொன்னார். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்தது. நடவுக்கு முந்தின நாள், விசாரணை என்று சொல்லி எங்கள் தெரு ஆண்களைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கோவிந்தராசு அண்ணனும் போனார். விடிந்ததும் ஆண்கள் இல்லாத தெருவிலிருந்து நாங்கள் வயலுக்குப் போனோம். சாலையில் போலீஸ் வேன் நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களைத் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வழக்கமாக நாங்கள் வாய்க்கால் பக்கம் தொடங்கிச் சாலைப்பக்க வரப்பில் முடிப்போம். அன்று அண்ணி, "ரோட்டுப் பக்கமிருந்து நடுவோம்" என்றார். ஏன் என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை. நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தோம். பாதி வயல் நட்டிருப்போம், ரைஸ்மில்லில் தங்கியிருந்த மிராசுதாரின் ஆட்கள் கம்புகளோடு சாலைப்பக்க வரப்பில் வந்து நின்றார்கள். இடமும் வலமும் பின்னாலும் நிறைந்து ஓடும் வாய்க்கால், சுற்றி வர வழியில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே அப்போதுதான் நட்ட நாற்று.

அவர்களும் நெல் விளைகிற ஊர்க்காரர்கள்தான். பழக்கத்தில் செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டார்கள். கழற்றிய பிறகு அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பை ஆட்டினார்கள், கேட்கக் கூசும் வார்த்தைகளில் ஏசினார்கள். நாற்றில் மட்டும் கால் வைக்கவில்லை. அண்ணி "எறங்கு" என்றார். நாங்கள் எல்லாரும் கெண்டைக்கால் சேற்றில் மாபூவில் இறங்கி நின்றோம். செல்லம்மாள் என் இடப்பக்கம், அண்ணி வலப்பக்கம்.

ஒருவன் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. அவன் எந்த ஊரோ, என்ன தொழிலோ. செருப்புக் காலோடு இறங்கி, நாற்றை மிதித்துக்கொண்டு நேராக அண்ணியிடம் வந்தான். கம்பை ஓங்கி அவர் முழங்காலின் பக்கவாட்டில் அடித்தான். மட்டை முறிகிறதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

அண்ணி சாயவில்லை. ஆனால் அவருடைய சேறு படிந்த வலது கை எழுந்தது. முஷ்டி இல்லை, விரல்கள் ஒட்டி விறைத்த கை. முழங்கையிலிருந்து சேறு சொட்ட, அவன் தொண்டை உயரத்துக்கு வந்து நின்றது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. தூரத்தை அளக்கிற ஆள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் வேனின் கதவு திறந்தது. அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இடது கையில் பிடித்திருந்த நாற்றுமுடியிலிருந்து ஒரு நாற்றை எடுத்தது. அண்ணி குனிந்து, அவனுடைய இரண்டு செருப்புக் கால்களுக்கும் நடுவே அதை நட்டார்.

"டேய், பயிர மிதிக்காதடா! வெளிய வாடா!" என்று வரப்பிலிருந்து கத்தியது அவனோடு வந்த ஒரு பெரியவர். அவன் மறுபடி கம்பை ஓங்குவதற்குள் அவர்களே இறங்கி வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். வேனின் கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் பொழுது சாயும்வரை நட்டோம். அண்ணி ஒற்றைப் பாரக்காலில், அடிபட்ட காலைச் சேற்றில் இழுத்துக்கொண்டே, கடைசி வரப்புவரை பின்னால் வந்தார். அந்த வருஷ அடங்கலில் எங்கள் ஆட்களின் பெயர்தான் ஏறியது.

எலும்பு வைத்தியரிடம் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பும்போது மாட்டுவண்டியில் அண்ணி கேட்டார்.

"கை எந்திரிச்சிச்சே, பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"நான் தூக்கல. அதுவா எந்திரிச்சிச்சு."

"எறக்கிட்டீங்கல்ல."

"இந்தத் தடவ" என்றார். "யார்கிட்டயும் சொல்லாத புள்ள." நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவரால் மாபூவில் இறங்க முடியவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டே, வருஷக்கணக்காக எத்தனையோ பெண்களுக்குச் சொல்லித்தந்தார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அப்போது வந்தவர்கள். சீனச் சண்டைப் படம் பார்த்துவிட்டு வாலிபர்களும் வந்தார்கள். ஒருவன் 'ஆ, ஊ' என்று கத்திக்கொண்டு குதித்தபோது, "வயித்த வலிக்குதாப்பா?" என்று அண்ணி கேட்டது ஊர் முழுக்கப் பிரபலம். நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணியின் வலது கை என்றைக்கும் சும்மா இருந்ததில்லை. கூடை, குடம், துண்டு, பேரப்பிள்ளை என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். படுக்கும்போது அதை உடம்புக்கு அடியில் வைத்துக்கொள்வார். கோவிந்தராசு அண்ணன் பின்னால் வந்தால்கூடத் தொலைவிலிருந்தே இருமிவிட்டுத்தான் வருவார். தன் கையால் இன்னொருத்தி தன் வாசலில் வந்து நிற்கும்படி ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே அந்த மனுஷி வாழ்ந்தார். நிம்மதியாக ஒரு தூக்கம் தூங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சென்ற மாதம் பக்கவாதம் வந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "கையத் தூக்கப் பாருங்க பாட்டி, தூக்கிடலாம்" என்று தைரியம் சொன்னாள். மல்லிகா அழுதுகொண்டு நின்றாள். அண்ணி போர்வைமேல் கிடந்த தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாக்கு குழறியது, ஆனால் எனக்கு விளங்கியது.

"வசந்தா, தூங்கிருச்சு பாரு. இனிமே எந்திரிக்காது."

அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. மல்லிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அங்கே நின்றுகொண்டிருக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்து அழுதேன். சாவுக்கு அழவேண்டிய அழுகையும் அன்றைக்கே முடிந்துவிட்டதுபோல.

அவர் காலைப் பற்றி ஊர் பேசட்டும், பேசவேண்டிய கால்தான். நான் வைத்துக்கொண்டது வேறு. வாத்தியார் வேலை பார்த்த அத்தனை வருஷமும் என் மேசையில் பிரம்பு இருந்ததில்லை. ஏன் என்று கேட்ட தலைமையாசிரியர்களுக்கு அன்பு, மனோதத்துவம் என்று ஏதேதோ சொல்லிவைத்தேன். உண்மை அதெல்லாம் இல்லை. என் கையும் ஒரு நாள் என்னைக் கேட்காமல் எழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயம் அண்ணியுடையது, இப்போது என்னிடம் இருக்கிறது.