என்ரை முதல் டேற்றா ஐயா தந்தது

செத்த பற்றறிக்கு ஒரு மணம் இருக்கு. கரியும் அமோனியாவும் கலந்த மாதிரி, மூக்குக்குள்ளை உறைக்கும்... தகரத்திலை வெயிலுக்குக் காயப்போட்டால் வீட்டு முற்றம் முழுக்க அந்த மணந்தான்.

92, 93, சண்டைக் காலம். உரும்பிராயிலை எங்கடை வீடு. கறன்ட் இல்லை. பற்றறி அரசாங்கம் தடைசெய்த சாமான், ஆனையிறவுக்கு இஞ்சாலை, யாழ்ப்பாணத்துக்குள்ளை வராது. சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம்.

எங்களுக்குப் பற்றறி வேண்டியிருந்தது ஐயாவின்ரை, என்னைப் பெத்த தேப்பன்ரை, காதுமெஷினுக்கு.

இப்ப மாதிரிக் காதுக்குள்ளை மறையிற சாமான் இல்லை. சேட் பொக்கற்றிலை ஒரு பெட்டி, அதிலையிருந்து காதுக்கு ஒரு வயர். சின்னப் பென்ரோச் பற்றறி ஒண்டு போடவேணும். அது இல்லாட்டில் பக்கத்திலை இடி விழுந்தாலும் ஐயாவுக்குக் கேக்காது. வீட்டிலை எங்கடை வாயசைவைப் பாத்துச் சமாளிப்பார். ஆனா காலமையிலை மூண்டு மணித்தியாலம் வெங்காயத் தோட்டத்திலை குனிஞ்சு நிக்கிற மனிசனுக்குப் குண்டு போடுற பொம்பர் வாறது எப்பிடித் தெரியும்? அதுக்காக அம்மா தன்ரை வேலையெல்லாத்தையும் விட்டிட்டு வரம்பிலை காவல் நிப்பா.

நான் அப்ப யாழ்ப்பாணக் கம்பஸிலை பட்டப்படிப்பு முடிச்சு, அங்கையே கெமிஸ்ற்றி லாப்பிலை தற்காலிக வேலை. தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான்.

செத்த பற்றறியிலை ஆணியாலை ஓட்டை போட்டு, உப்புத்தண்ணி விட்டு, மெழுகாலை அடைச்சு வெயிலிலை வைச்சால் பத்து நிமிசம் உயிர் வரும். ஊரிலை எல்லாரும் செய்தவை. நான் விடுவனே? பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவரிட்டை நவச்சாரம், அதுதான் அமோனியம் குளோரைட், வாங்கி, உப்புக்குப் பதிலாய் அதைக் கரைச்சு, அளவை மாத்தி மாத்திப் பாத்தன். ஒரு பற்றறி மூண்டு மணித்தியாலம் நிக்கவேணும். அம்மாவை வரம்பிலையிருந்து வீட்டுக்குக் கூப்பிடவேணும்.

காலமை வெளிக்கிட முதல் ஐயாவிட்டை ஒரு பற்றறி குடுப்பன். மெஷின் நுணுக்கமான சாமான் எண்டு தானே போடுவார்.

"கேக்குதோ ஐயா?"

"ஓம் பிள்ளை, கேக்குது."

பின்னேரம் வந்து எவ்வளவு நேரம் நிண்டது எண்டு கேப்பன். முதல் நாப்பது நிமிசம் எண்டார். பிறகு ஒரு மணித்தியாலம்... ஒண்டரை... ரெண்டரை. எல்லாத்தையும் டேற்றா எண்டு கொப்பியிலை எழுதிக் கிராஃப் கீறினன். கோடு அழகாய் மேலை ஏறிச்சுது. லாப்பிலை எங்கடை சேர் பாத்திட்டு, "உதைக் கம்பஸ் கருத்தரங்கிலை ஒரு ஆய்வுப் பேப்பராய் வாசியும். வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப்புக்கும் போடலாம்" எண்டார். எனக்குக் கால் நிலத்திலை படேல்லை.

அம்மா ஏன் இன்னும் வரம்பிலை நிக்கிறா எண்டு மட்டும் நான் யோசிக்கேல்லை.

பேப்பர் வாசிக்க நாலு நாள் இருக்கு. ஒரு சனிக்கிழமை. அம்மா கூப்பன் சாமான் வாங்கச் சங்கக்கடைக்குப் போனா, தான் வருமட்டும் ஐயாவைப் பாக்கச் சொல்லி. அவர்தான் மெஷின் போட்டிருக்கிறாரே எண்டு நான் வீட்டுக்குள்ளை கிராஃப் கீறிக்கொண்டிருந்தன்.

பொம்பர் இரைஞ்சுது. நான் பதுங்குகுழிப் பங்கருக்கு ஓடினன். வாசலிலை நிண்டு திரும்பிப் பாத்தால் ஐயா தோட்டத்திலை குனிஞ்சபடி புல்லுப் பிடுங்கிறார். கத்தினன். தலை நிமிரேல்லை. தலைக்கு மேலை இரைச்சல், அவர் ஆறுதலாய் ஒரு பிடி புல்லை உதறிப் போடுறார்.

எப்பிடி ஓடினன் எண்டு தெரியாது. என்ரை நிழல் விழத்தான் நிமிந்தார்.

"என்ன பிள்ளை, சோறு ஆயிட்டுதோ?"

வாய்க்காலுக்குள்ளை இழுத்து விழுத்தினன். குண்டு சுன்னாகம் பக்கம் விழுந்தது. நிலம் அதிரேக்குள்ளைதான் ஐயாவுக்கு விளங்கிச்சுது. உடனை தன்ரை கையாலை என்ரை தலையை மூடினார்.

பிறகு அவரின்ரை பொக்கற்றிலை கைவிட்டு மெஷினைத் திறந்தன். உள்ளுக்குப் பச்சையாய்ப் பூத்துக்கிடந்தது. ஸ்பிறிங் இல்லை, வயர் அரிச்சுப் போச்சு. என்ரை பற்றறி கசிஞ்சிருக்கு. லாப் மேசையிலை நாலு நாள் வைச்சுப் பாத்தனான்தான், கசியேல்லை. வேர்வையிலும் வெயிலிலும் ஒரு பொக்கற்றுக்குள்ளை வைச்சுப் பாக்கவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை. அது ஒரு நாளிலை வந்த பச்சையும் இல்லை.

அம்மா குளறிக்கொண்டு ஓடிவந்தா. மெஷினை நீட்டினன். "உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். பேப்பர் வாசிச்சு முடியட்டும், பிள்ளை மனம் உடைஞ்சுபோவாள் எண்டார்," எண்டா.

எப்ப பழுதாப்போனது எண்டு ஐயாவின்ரை முகத்துக்கு நேரை நிண்டு கேட்டன்.

"சரியா ஞாபகமில்லை, பிள்ளை. நீ கொப்பியிலை எழுதேக்குள்ளை உன்ரை முகத்தைப் பாப்பன்... பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அண்டைக்கு அழுத மாதிரி நான் பிறகு அழேல்லை.

ஐயா எனக்காகக் கூட்டிக் கூட்டிச் சொன்ன நேரங்களிலை கீறின அந்தக் கிராஃபை நான் காட்டேல்லை. பற்றறி ஏன் கசிஞ்சது எண்டுதான் பேப்பர் வாசிச்சன். ஸ்கொலர்ஷிப்பும் அதுக்குத்தான் கிடைச்சுது. வெளிநாடு போய்ப் புது மெஷின் வாங்கி அனுப்பவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். 95 இடப்பெயர்விலை தென்மராட்சிக்குப் போன இடத்திலை, நான் அதை அனுப்ப முதலே ஐயா செத்துப்போனார்.

இப்ப எனக்குப் பெரிய லாப் இருக்கு. எறிஞ்ச பற்றறிகளிலையிருந்து துத்தநாகமும் மாங்கனீசும் பிரிச்செடுத்துப் புதுப் பற்றறி செய்யிறம். ஒவ்வொண்டும் எந்த நிமிசம், எந்தச் செக்கனிலை சாகுது எண்டு கம்பியூட்டர் தானாய் எழுதி வைக்கும்.

அண்டைக்கு "கேக்குதோ ஐயா?" எண்டு நான் ஒவ்வொரு காலமையும் கேட்டன். அதிலை எந்தக் காலமை என்ரை குரல் அவருக்குக் கடைசியாய்க் கேட்டது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.