பெய்ரூட்டில் அடிக்கும் மணி

அரபு நாடுகளின் அரசியலைப் பற்றி எழுதவேண்டும் என்ற ஆசை, லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் டெலிபோன் பெட்டிக்கு வெளியே காத்து நின்றபோதுதான் எனக்கு வந்தது. உள்ளே ஒரு லெபனான்காரர். நரைத்த மீசை, நன்றாக அயர்ன் பண்ணிய பழைய கோட். ஞாயிறுதோறும் வருவார், நம்பரை அமத்துவார், ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்பார், வைத்துவிடுவார்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்: "ஆருக்கு அண்ணை எடுக்கிறியள்?"

"பெய்ரூட்டிலை என்ரை வீட்டுக்கு. சண்டையிலை நகரம் இரண்டாப் போச்சு, வீடு மற்றப் பக்கம். உள்ளை ஒருத்தரும் இல்லை. மணி அடிச்சால் வீடு நிக்குது எண்டு அர்த்தம்."

எனக்கு வாய் சும்மா கிடக்காதே! "அந்தச் சத்தம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலை இருந்தெல்லோ வாறது? வீடு இடிஞ்சாலும் கேக்கும்."

அவர் சிரித்தார். "தெரியும் தம்பி. எக்ஸ்சேஞ்சும் அந்தப் பக்கம்தான். என்ரை ஊரிலை ஏதோ ஒண்டு எனக்குப் பதில் சொல்லுது."

எல்லையை ஆர் கீறினது, எந்தக் கட்சி ஆரோடை என்று கட்டுரைக்காக நான் கேள்விகள் எழுதி வைத்திருந்த கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "இனி நீர் எடும்" என்றார்.

கட்டுரை இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு வீட்டில் டெலிபோன் இருந்தது. அந்த வீட்டுச் சனமும் எங்கள் ஊர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து போய்விட்டது. வாற ஞாயிறு அந்த நம்பரை அமத்திப் பார்க்கப்போகிறேன்.