கரை சேரும்வரை ஒரு பெயர்

தீவுப் படகுகள் வந்துபோகும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கரும்பலகை எழுதுவதுதான் அவருடைய புது வேலை. மர மில்லில் வலது கை விரல்களைப் பறிகொடுத்தவர். புறப்படும் ஒவ்வொரு படகின் பெயரையும் இடது கையால் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். படகு திரும்பியதும் துடைத்துவிடுவார். அந்தச் சிலுவைக்காகவே ஜெட்டியில் அவரைப் ‘பாதிரியார்’ என்று கூப்பிடுவார்கள்.

அன்று ஹேவ்லாக் தீவிலிருந்து என் மகள் வரவேண்டிய படகு மாலையாகியும் வரவில்லை. கடல் கொந்தளித்துக் கிடந்தது. பலகையில் அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

“அரே பாதிரியாரே, அதை மிட்டா தோ. ஜனங்க பாத்துப் பயப்படுறாங்க,” என்றார் டிக்கெட் கிளார்க்.

“கரைக்கு வராத போட்ட எப்படி சார் அழிக்கிறது?”

என்னாலும் அதைப் பார்க்க முடியவில்லை. “அழிச்சிடுங்க அண்ணே. என் மக அதுல வர்றா,” என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “விரல் போனப்ப, இனி எதுக்கு இருக்கணும்னு கிடந்தேன் சார். கோயில்ல உக்காந்து இடது கையால ஜெபம் எழுதிப் பழகினேன். அப்புறம் இந்த வேலைய ஆண்டவர் குடுத்தாரு. இங்க எழுதுற பேரும் எனக்கு ஜெபந்தான். பாதியில நிறுத்தச் சொல்றீங்களே.”

இருட்டுகிற நேரத்தில் படகு வந்தது. கிளார்க் துணியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கடைசி ஆளாக என் மகள் தள்ளாடி இறங்கி ஜெட்டியில் கால் வைத்த பிறகுதான் துடைத்தார்.

நான் சர்ச்சுக்குப் போகிறவன் அல்ல. ஆனாலும் அவள் கப்பல் ஏறும்போதெல்லாம் கதவின் உட்புறம் அவள் பெயரைச் சாக்கட்டியால் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்ததாக அவளிடமிருந்து தந்தி வந்த பிறகே துடைக்கிறேன். பக்கத்தில் சிலுவை போடலாமா என்று ஒவ்வொரு முறையும் கை தயங்கி நிற்கிறது.