தங்கேஸ்வரி டீச்சர் தேடிய அமெரிக்கா

மாத்தளை ஆஸ்பத்திரியின் கிளினிக் வாங்குப் பலகையில் ஒருநாள் பதுர்தீன் கண் இருட்டிப்போய்ச் சாய்ந்திருந்தார். சீனி வருத்தக்காரர். வெறும் வயிற்றில் சோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். இலக்கத் துண்டு கையிலிருந்து எப்போது நழுவியதென்று அவருக்கே தெரியாது. பக்கத்தில், கணவருடைய கிளினிக் கொப்பியோடு மருந்தெடுக்க வந்த ஓர் அம்மா குனிந்து எதையோ எடுத்து, "நானா, உங்கட துண்டு கீழ கிடந்தது" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு நீட்டினார்.

சற்று நேரத்திலேயே அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதுர்தீன் உள்ளே போய் மருந்து வாங்கிக்கொண்டு, வெளியே கடையில் பிளேன்டியும் பணிசும் சாப்பிட்டார். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஓடும் அவசரத்தில் கிளினிக் வாசலைத் தாண்டும்போதுதான் உள்ளே பார்த்தார். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது, மூலை கிழிந்த பதுர்தீனின் துண்டு. வரிசையின் வாலில் இருந்த இலக்கம் அது.

உள்ளே போய், "துண்டு மாறிப்போச்சு போல" என்றார்.

"அப்படியா? நான் கவனிக்கல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மருந்து கொடுக்கும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்தான் தங்கேஸ்வரி. றத்தோட்டை வீதியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவர். தகப்பன் பருத்தித்துறையிலிருந்து அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டதால் மகளின் பேச்சு மாத்தளைப் பேச்சாகிவிட்டது. கணவர் தர்மராஜா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். ஒரு காலை முகம் கழுவும்போது பாரிசவாதம் அடித்து விழுந்தார். அன்றிலிருந்து வலப்பக்கம் அவருக்குச் சொந்தமில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, பாடசாலைக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடி ஊட்டி, மிச்சம் கிடக்கும் நேரத்தில் டீச்சர் வெளிவாரியாக எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார்.

படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். தலைப்புப் பிரித்துக் கொடுத்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டிலடியில் இருந்தார். கண்டி இராச்சியம், கோப்பித் தோட்டம், மாத்தளைக் கிளர்ச்சி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சிக் கிடந்தது அமெரிக்காவின் ஆரம்ப வரலாறு. கப்பலில் போய் இறங்கிய முதல் குடிகளுக்கும் அந்த மண்ணின் பழங்குடிகளுக்கும் நடுவே இருந்த உறவு. பேராசிரியர் இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டார். சித்திரை முடிவதற்குள் கட்டுரை போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அதோடு செலவழித்த வருஷங்களும் போய்விடும்.

நகர நூலகத்தில் அமெரிக்கா என்று தேடினால் சிறுபிள்ளைகளுக்கான ஜனாதிபதிக் கதையும் ஒரு சுற்றுலாப் புத்தகமும் இருந்தன. கண்டியில் ஒரு பெரிய நூலகத்தில் தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. கிழமை நாட்களில் மட்டும் உள்ளே இருந்து வாசிக்கலாம், வெளியே தரமாட்டார்கள். டீச்சரின் லீவெல்லாம் கணவரின் வருத்தத்தோடு கரைந்துவிட்டிருந்தது. இணையத்தில் இறக்கிய பழம்புத்தகங்கள் போனின் சின்னத் திரையில் எறும்பு ஊர்வதுபோல் ஓடின. அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் தர்மராஜா உள்ளிருந்து கூப்பிட்டுவிடுவார்.

கடைசியில் நூலகத்தில் ஒருவர்தான் ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் அமெரிக்கக்காரர்கள் தங்கள் வரலாற்றைத் தமிழில் அச்சடித்து வாசிகசாலைகளுக்குச் சும்மா கொடுத்தார்கள். பள்ளிவாசல் மேல்மாடி வாசிகசாலையில் சிலது கிடந்தாலும் கிடக்கும், கேட்டுப் பாருங்கள் என்றார்.

அப்படித்தான் ஒரு பிற்பகல் டீச்சர் பள்ளிவாசல் கேட்டில் வந்து நின்றார். பதுர்தீன்தான் அங்கே மோதினார். பாங்கு சொல்வதிலிருந்து மாடி வாசிகசாலையைத் தூசி தட்டுவது வரை அவர் வேலை. ஆளைக் கண்டதுமே அடையாளம் தெரிந்துகொண்டார். புத்தகங்கள் இருந்தன. இரண்டு பாகம். முதலாவது கட்டுக் குலையாமல் இருந்தது. இரண்டாவது தாள் தாளாகக் கழன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

நிர்வாகத் தலைவர் நப்லான் ஹாஜியார் விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார். "அமெரிக்காவத் தேடி எம்பசிக்குப் போற ஆக்கள் ஈக்கிறாங்க. எங்கட பள்ளிக்கு வந்த மொத ஆள் நீங்கதான் டீச்சர்."

"விசா கேட்டு வரல்ல ஹாஜியார். புத்தகம்தான்."

"வெளிய குடுக்க ஏலாதே. வக்பு. முஹம்மது முதலாளி மிளகு வித்த காசுல வாசிகசாலை கட்டி, பள்ளிக் காணிய விட்டு ஒரு புத்தகமும் போகப்படாதுண்டு எழுதி வச்சிட்டு மவுத்தாப் போயிட்டார். இனி அவர்ட்டப் போய்க் கேக்கவும் ஏலாது."

"அப்ப மேல வந்து படிக்கலாமா?"

ஹாஜியார் பதுர்தீனைப் பார்த்தார். பதுர்தீன் படிக்கட்டைப் பார்த்தார். ஆண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் தொட்டியை ஒட்டித்தான் அந்தப் படி மேலே ஏறுகிறது. பெண்பிள்ளை யாரும் அதில் ஏறியதில்லை. டீச்சருக்கும் விளங்கிவிட்டது. தன் போனைப் பதுர்தீனிடம் கொடுத்து, படம் பிடித்துத் தரச் சொல்லிப் பார்த்தார். பதுர்தீனின் பெருவிரல் பாதிப் பக்கத்தை மறைத்தது. மிச்சப் பாதி ஆடிப்போயிருந்தது.

"பரவாயில்ல நானா" என்று டீச்சர் போனதுதான் பதுர்தீனை அரித்தது. திட்டிவிட்டுப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் சோறு போடும்போது மனைவி ஜுனைதாவிடம் சொன்னார். ஜுனைதா பள்ளிவாசலின் பின்புற அறையில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர்.

"வக்பெண்டா காணி முழுக்கத்தானே?" என்றார் ஜுனைதா.

"ஓ."

"நான் ஓதிக் குடுக்கிற அறை எங்க ஈக்கி? வானத்துலயா?"

பதுர்தீன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். மறுநாள் ஹாஜியாரிடம் அதையே சொன்னபோது, "மோதினார், டிரஸ்டியா உங்கட பொஞ்சாதியப் போட்டிருக்கணும். நாங்க சும்மா தாடி வளத்திருக்கிறோம்" என்று சிரித்துச் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலைகளில் நாத்தனார் வந்து தர்மராஜாவைப் பார்த்துக்கொள்ள, டீச்சர் ஓதல் அறைக்கு வருவார். பதுர்தீன் முதலாம் பாகத்தைத் துணியில் சுற்றி இறக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். போகும்போது வாங்கி வைப்பார். இரண்டாம் பாகத்தின் தாள்களைப் பிள்ளைகள் கலைத்துவிடுவார்கள் என்று மேலேயே வைத்திருந்தார். ஒன்று முடியட்டும், மற்றதைக் கவனமாக இறக்கலாம் என்பது கணக்கு.

டீச்சர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

"மூடத்தான் வேணும்டு இல்ல டீச்சர்" என்றார் ஜுனைதா.

"ஃபேன் காத்து காதுக்குள்ள போகுது."

ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் போயிருந்தது. 

ஒரு சின்னப்பிள்ளை கிட்டே வந்து, "டீச்சர், நீங்க குர்ஆன்ல எத்தனையாவது ஜுஸ்உ?" என்று கேட்டது. "நான் இன்னும் அலிப், பேயிலதான் நிக்கிறேன்" என்று டீச்சர் அரபு அரிச்சுவடியின் முதல் எழுத்துகளைச் சொல்ல, அறையே சிரித்தது. அவர் எழுதிக்கொண்டே தூங்கிப்போன நாளும் உண்டு. அன்று ஜுனைதா விரலை வாயில் வைத்துக் காட்ட, பிள்ளைகள் வாய்க்குள்ளேயே ஓதினார்கள். விழித்ததும் டீச்சர் வெட்கப்பட்டு, "வீட்டுல இப்படித் தூங்க வராது" என்றார்.

பதுர்தீன் வாசலில் நின்று கதை கேட்பார். அவருக்குச் சுவையான கதையாகத்தான் இருந்தது. தங்கள் இஷ்டப்படி இறைவனை வணங்குவதற்காகக் கப்பலேறிய சனம். இறங்கிய இடமோ பனி. முதல் குளிரிலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று வெளியே தெரியாமலிருக்க மண்ணறைகளைத் தரையோடு தரையாக மட்டப்படுத்தினார்களாம்.

"யா அல்லாஹ்" என்றார் பதுர்தீன். "பொறகு எப்பிடித் தப்பினாங்க?"

"ஊர்ச் சனம்தான் காப்பாத்தினது. சோளம் விதைக்கப் பழக்கிக் குடுத்தாங்க. அறுவடை முடிஞ்சு ரெண்டு பகுதியும் ஒண்டா இருந்து சாப்பிட்டாங்க."

"அந்த ஊர்ச் சனம் இப்ப எங்க?"

டீச்சர் பேனாவை மூடினார். "அதுதான் நானா என்ட கட்டுரை. ஒண்டா சாப்பிட்டவங்கட பிள்ளைகள்ட காலத்துலயே பெரிய சண்ட. ஊர்ச் சனத்துல மிச்சம் கொஞ்சப்பேர்தான். சாப்பாட்டுல இருந்து சண்டைக்கு எப்படி வந்தாங்கண்டு ரெண்டாம் பாகத்துலதான் இருக்கு. மேலோட்டமா எனக்கும் தெரியும். தெரிஞ்சத எழுத முடியாதே. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்டு கேப்பாங்க."

முதலாம் பாகம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பாகத்தை இறக்குவதாக இருந்தது. அந்த வாரம் மாத்தளையைத் தாண்டி நாலந்தாவில் சொந்தத்தில் ஒரு மவுத்து. பதுர்தீன் மையத்து அடக்கத்துக்குப் போய்விட்டார். நோன்பு நெருங்கியதால், ஹாஜியார் வாலிபர்களைச் சேர்த்துப் பள்ளிவாசலை அடிமுதல் முடிவரை கழுவித் துடைத்தார்.

கிழிந்த குர்ஆன் தாள் காலில் மிதிபடக்கூடாது. அதை மரியாதையாகச் சாக்கில் கட்டி மையவாடியில், அடக்கம் செய்யாத சுத்தமான மூலையில் குழி வெட்டிப் புதைப்பது வழக்கம். மாடியில் கயிறு கட்டிய தாள் கட்டுகள் பல கிடந்தன. வாலிபர்களின் கையெல்லாம் தூசி, ஒழு இல்லை. ஒழு இல்லாத கையால் வேத எழுத்தைத் தொடக்கூடாதே என்று பயந்து ஒருவரும் எந்தக் கட்டையும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்துத் தூக்கி எல்லாவற்றையும் சாக்கில் இறக்கினார்கள். அமெரிக்காவும் அதோடு போய்விட்டது.

பதுர்தீன் மறுநாள் திரும்பி வந்து மாடி ஏறிப் பார்த்தார். தரை பளிச்சென்றிருந்தது. தாள் கட்டுகள் இருந்த இறாக்கைத் தட்டு காலி.

"அவிழ்த்துப் பாத்திருக்கலாம்" என்றார் ஹாஜியார். குரலில் பகிடி இல்லை. "மருவாதிக்குத்தான் பாக்கல்ல மோதினார்."

இரவு முழுக்க மழை பெய்திருந்தது. அப்போதும் விடவில்லை. ஷிஹாம் மௌலவியிடம் கேட்டார்கள். தவறிப் புதைத்ததை ஒழுவோடு தோண்டி எடுப்பதில் குற்றமில்லை என்றார் அவர். பதுர்தீன் ஒழு எடுத்து, டீச்சருக்கும் சொல்லியனுப்பிவிட்டு, மம்பட்டியோடு மையவாடிக்குப் போனார். ஈரமண் வெட்ட வெட்டச் சரிந்து உள்ளேயே விழுந்தது. முதல் சாக்கின் வாய் தெரிந்தது. ஊறிப் பெருத்திருந்தது. இழுத்தால் கிழியும். உள்ளே மேலாக இருப்பது குர்ஆன் தாள்கள். அவற்றைச் சேற்றில் எடுத்துப் போட்டால்தான் அடியிலிருப்பதை எட்டலாம். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தபடியே நின்றார். கைகள் அதற்கு மேல் போகவில்லை.

கேட்டுக்கு வெளியே குடையோடு டீச்சர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"மூடிருங்க நானா."

"எடுத்துரலாம் டீச்சர். கொஞ்சம் பொறுங்க."

"நனைஞ்ச புத்தகத்த வச்சி நான் என்ன செய்ய? மூடுங்க. மழையில நிண்டு உங்களுக்கும் சீனி கூடிரும்."

மழையில் நிற்பதால் சீனி ஏறாது. அது இருவருக்கும் தெரியும். பதுர்தீன் மண்ணை இழுத்து மூடினார். மூடி முடிக்கும்வரை டீச்சர் போகாமல் நின்றார்.

அன்று அவர் ஓதல் அறைக்குத்தான் வந்தார். பிள்ளைகள் இல்லை. ஜுனைதா கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடிக்காமலே வைத்துக்கொண்டு பேராசிரியருக்குப் போன் எடுத்தார். மறுபக்கம் பேசியது பதுர்தீனுக்குக் கேட்கவில்லை. டீச்சர் சொன்னது மட்டும் கேட்டது.

"கண்டிக்கு வந்து ஆங்கிலத்துல பாக்கலாம் சேர்... லீவு இல்ல சேர்... ஓம், சித்திரைக்குள்ள ஏலாது... அறுவடைச் சாப்பாட்டோட நிப்பாட்டுறதா?... தலைப்பையும் மாத்தணும்தானே... சரி சேர். சரி."

போனை வைத்துவிட்டுத் தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. "தவணைக்குக் குடுத்துரலாம்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜுனைதா, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல எடுத்ததைச் சொல்லாமல் விட்டார்.

கட்டுரை சித்திரைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் டீச்சருக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. தர்மராஜாவின் தம்பி குடும்பம் அங்கே இருந்தது. தூக்கிவிட இன்னும் இரண்டு கை இருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள், அஸர் தொழுகைக்குச் சற்று முன், சொல்லிக்கொண்டு போகப் பள்ளிவாசல் கேட்டுக்கு வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். ஜுனைதா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதுர்தீனும் கிட்டே வந்தார். "கட்டுரை பாஸ்தானே டீச்சர்?" என்றார்.

"பாஸ் நானா" என்றார் தங்கேஸ்வரி. "நான் எழுதினதுல அவங்க இன்னும் ஒண்டா இருந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்ல இடம் பாத்து நிப்பாட்டியிருக்கீங்கண்டு சேர் சொன்னார். அது நல்ல இடம் இல்ல நானா. நான் களைச்சுப்போன இடம்."