ஆற்றங்கரையில் இல்லாத நிலையம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மலாயாவில் குளுவாங் பக்கம் ஒளிந்துகொண்ட என் கணவரைத் தேடிப் போன கதை இது. சண்டையெல்லாம் இல்லை. எங்கள் வானொலிச் சங்கத்தில் ஒருவர் அனுப்பும் கருவியோடு தனியாக எங்காவது மறைந்து, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மோர்ஸ் தட்டுவார். மற்றவர்கள் திசை பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தடவை மறைந்தவர் அவர். தேடியவர்களில் பெண் நான் ஒருத்திதான். "பெண்டாட்டி காதுல முன்னாடியே ஓதியிருப்பாரு" என்று சங்கத்தில் ஒரே கிண்டல். வாயே திறக்காமல் முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டார் மனுஷன்.

ஜொகூர் பாருவில் காலை ரயில் ஏறி, பத்து மணிக்குக் குளுவாங்கில் இறங்கினேன். அங்கே வாடகைக் கார் ஓட்டும் காதர் பாயை அமர்த்திக்கொண்டேன்; நாள் வாடகை நான்கு மலாயா வெள்ளி. ஊரைத் தாண்டி, தந்திக் கம்பிகள் இல்லாத மேட்டில் ரேடியோப் பெட்டியை வைத்தேன். மரச்சட்டத்தில் செம்புக்கம்பி சுற்றிய ஏரியலை மெல்லத் திருப்ப வேண்டும். சட்டம் எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் நிலையம். ஒரே சங்கடம், சட்டத்தின் முதுகுப் பக்கமும் அப்படியே அடங்கும். எனக்குக் கிடைத்தது வடக்கு, அல்லது தெற்கு.

நான் யோசிக்கவே இல்லை. வடக்கே செம்புரோங் ஆறு இருக்கிறது, அவருக்குத் தூண்டில் என்றால் உயிர். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா? ஆறு மைல் வடக்கே போய் இரண்டாவது தடவை கேட்டபோது சத்தம் தேய்ந்திருந்தது; அப்படியென்றால் அவர் இருப்பது தெற்கே. அதைவிட வேறொன்றையும் என் காது பிடித்தது. கோடு போட்டதுபோல் சீராகத் தட்டுகிற கை அவருடையது. இப்போது எழுத்துகள் நடுங்கின, ஒன்றிரண்டு விட்டும் போயின. போன மழைக்காலத்தில் அவரைப் படுக்கப்போட்ட மலேரியாக் காய்ச்சல் நினைவுக்கு வந்தது.

"பாய், வண்டியத் திருப்புங்க. அவருக்குக் காய்ச்சல்."

"அலமாக், அட கடவுளே! முகத்தப் பாக்காம எப்படிம்மா சொல்றீங்க?"

"கை நடுங்குது பாய், கேக்குது எனக்கு."

பாய் உடனே வண்டியைத் திருப்பினார். குளுவாங்கைத் தாண்டி, தெற்கே சிம்பாங் ரெங்கம் சாலையில் பறந்தார். வழியில் நிறுத்தி மறுபடி திசை பிடித்தேன். சத்தம் காதை அடைத்தது. ஆனால் வரைபடத்தில் நான் போட்ட திசைக்கோடு இப்போது மேற்கே சாய்ந்து ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போனது. காலையில் மேட்டில் போட்ட கோடும் இதுவும் சந்தித்த இடத்துக்கு மண்பாதையில் ஒரு மைல். கார் போகாத கடைசித் தூரத்தை ஓடினேன்.

ரப்பர் மரத்தடியில் கோணிமேல் சுருண்டு கிடந்தார். கண் மூடியிருந்தது, உடம்பு கொதித்தது. கண்டுபிடிக்கும்வரை நிறுத்தக்கூடாது என்பது விதியாம், இருபது நிமிஷக் கணக்கெல்லாம் மறந்து, விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க, நான் வந்துட்டேன்" என்றேன். அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்.

இந்த விளையாட்டுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரும் மலேரியாவுக்குக் கொயினா மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறைகிறவரோடு ஒரு துணையை அனுப்புங்கள். எங்கள் சங்கம் இப்போது விதியை மாற்றிவிட்டது. ஒரே இடத்தில் திசை பிடித்துவிட்டு, ஆளை எனக்குத் தெரியும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

சாயங்காலம் குளுவாங் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் தணிந்ததும் கேட்டேன், "ஆத்தங்கரைய விட்டுட்டு அந்தக் கொசுக்காட்டுல ஏங்க போய்ப் படுத்தீங்க?"

"ஆத்தங்கரைனா நீ நேரா வந்துடுவே. நான் சொல்லிக் குடுத்தேன்னு பேசுவாங்க, அமிர்தம். நீ உன் காதால ஜெயிக்கணும்னுதான்."

போர்வைமேல் கிடந்த அவர் கையில் விரலால் மெல்ல மோர்ஸ் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.