கரை சேர்ந்தவர்

"உவன் ஆர்?"

ரொறன்ரோ விமான நிலையத்தில் எங்களைக் கண்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி அது. கனடாவுக்குப் போய் எங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லி அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை. அவர் வந்து சேர்ந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கல்யாணக் கூறையை உடுத்து, அதன் மேல் குளிர் அங்கியும் காலில் பனிச் சப்பாத்துமாக நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் அப்பாவின் கண் எங்களுக்குப் பின்னால் கார்ச் சாவியோடு நின்றவரிடம் போய்விட்டது. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவர். எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததைத் தவிர அந்த மனிதர் ஒரு பாவமும் அறியார். கூறைச் சேலையை அப்பா கவனிக்கவே இல்லை.

அவரிடமிருந்து ஒரு சொல்லும் வராத அந்த வருடங்களில் எங்களைக் கனடாவுக்கு எடுத்தவர் மாமா, அம்மாவின் தமையன். பிஸ்கட் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்து அம்மா என்னை வளர்த்தார். ஆள் இல்லையென்று நினைத்துச் செய்ய வேண்டிய கிரியையைச் செய் என்று சொந்தக்காரர் நெருக்கினார்கள். இன்னொரு கல்யாணம் பேசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. "ஆளைக் காணேல்லை எண்டா ஆள் இல்லை எண்டே அர்த்தம்?" என்று அம்மா கேட்டுவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். அந்தப் பொட்டுக்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா கதைகளோடு வந்திறங்கினார். மொஸ்கோப் பனியில் ஒளித்திருந்தது, ஆபிரிக்கக் கரையில் வள்ளம் கவிழ்ந்தது, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியது. ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் விழா மிச்சமில்லாமல் சொன்னார். இப்போதும் சொல்கிறார் என்று கேள்வி. நன்றாகத்தான் சொல்வார், கேட்பவர்கள் சாப்பாட்டை மறந்து இருப்பார்கள். கதையில் பாங்கொக் வந்ததும் மட்டும் "அங்கை கொஞ்ச நாள் நிண்டனான்" என்று ஒரே எட்டில் தாண்டிவிடுவார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று அறிய அம்மா காத்திருந்தார். கேட்டால் அவர் நொந்துபோவார் என்று கேட்காமலும் இருந்தார்.

அதே காலத்தில்தான் வகுப்பில் கிரேக்கர்களின் பழைய காப்பியம் ஒன்றைப் படித்தோம். போருக்குப் போன அரசன் கடல்கடலாக அலைந்து வீடு வருகிறான். வழியில் ஒரு தீவில் ஒரு பெண்ணோடு வருடக்கணக்கில் தங்கிவிடுகிறான். வந்தவன் பிச்சைக்காரன் வேடத்தில் நின்று, காத்திருந்த மனைவியையே வேவு பார்க்கிறான். வகுப்பில் எல்லோரும் அவன் சாமர்த்தியத்தை மெச்ச, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீவுப் பெண்ணைப் பற்றி அவன் மனைவியிடம் மறைக்கவில்லை. எங்கள் வீட்டு அரசனுக்கு அந்த யோக்கியதையும் இருக்கவில்லை.

நான் படித்து முடித்து, நகரின் கிழக்கோரம் ரூஜில் வீடு வாங்கிப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு பாங்கொக்கில் இருந்த ஒருவர் டோர்செட் பார்க் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தேநீரை வாங்கிக்கொண்டு அவர் சிரித்தார். "அண்ணை அங்கை ராசா மாதிரியெல்லே இருந்தவர். அந்த அக்கா சமைச்சுப் போட்டே ஏழெட்டு வருசம் ஆளை அசைய விடேல்லை." சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா அந்தப் பெண் யாரென்று கேட்கவில்லை. "அங்கை ரெலிபோன் இருந்ததோ?" என்றுதான் அப்பாவிடம் கேட்டார்.

"உதெல்லாம் இப்ப என்னத்துக்கு? நான் வந்து சேந்திட்டனெல்லே."

அம்மா உள்ளே போய் ஒரு பையில் உடுப்புகளை அடுக்கினார். என்னைக் காரை எடுக்கச் சொன்னார். வாசலில் நின்று, "நான் போறன்" என்றார்.

அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. "வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லக் கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லும்" என்று திருத்தினார்.

அம்மா குனிந்து சப்பாத்தைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்பிடிச் சொல்லிப்போட்டு வராமல் இருக்க எனக்குத் தெரியாது."