மடித்துக் கொடுத்த சீட்டு

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு பண்ணையின் மனையில் குடியிருந்தாள் அம்சம். குடிசை அவளுடையது, மண் பண்ணையுடையது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்ட குற்றத்துக்கு அவள் புருஷன் வீரையனைக் களத்திலேயே பண்ணை ஆட்கள் அடித்துப் போட்டார்கள். மூன்றாம் மாதம் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நடவு, களை, அறுப்பு என்று குனிந்த தலை நிமிராமல் பன்னிரண்டு வருடம் ஓட்டினாள்.

சென்னையில் ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆனபோது, தொகுதி எம்.எல்.ஏ. இறந்து இடைத்தேர்தல் வந்தது. பண்ணையின் மச்சினன் தராசுச் சின்னத்தில் நின்றார். கூலிக்காரர் சங்கம் குடைச் சின்னத்தில் ஆள் நிறுத்தியது.

ஓட்டுப்பதிவன்று, பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் பஞ்சநதம், சாவடிக்குப் போகும் வழியிலிருந்த மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஆள் ஒருவன் முதலில் போய், ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். அதில் கள்ள முத்திரையால் தராசின் மேல் குத்தி, மடித்து, அடுத்த ஆளிடம் கொடுத்தார். அந்த ஆள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே கொடுக்கும் வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து தர வேண்டும். இப்படியே கூலிக்காரர் தெரு முழுக்க. இந்த மூளையை மனுஷன் வயலில் செலவிட்டிருந்தால் முப்போகம் விளைந்திருக்கும்.

"வெத்துச் சீட்டு வரலேன்னா சாயங்காலம் உன் குடிசை இருக்காது. தெரிஞ்சுதா?"

"சரிங்கய்யா" என்று அம்சம் மடித்த சீட்டை வாங்கிக்கொண்டாள்.

சாவடியில் மறைப்புக்குள் போனாள். வெற்றுச் சீட்டை மடியில் செருகினாள். பஞ்சநதம் கொடுத்ததை விரித்து, அங்கே இருந்த முத்திரையால் குடையின் மேலும் ஒரு குத்துக் குத்தினாள். இரண்டு குத்து விழுந்தால் சீட்டு செல்லாது என்று சங்கத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வீரையனை அடித்தவர்களுக்கு அவள் கையால் ஓட்டு விழாது, அவ்வளவுதான்.

வெற்றுச் சீட்டு கைக்கு வந்ததும் பஞ்சநதம் தலையாட்டினார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செல்லாத அந்த ஒற்றைச் சீட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நடுங்கினாள். பக்கத்துக் குடிசைக் கண்ணாத்தாளிடம்கூட வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பஞ்சநதம் தெருவுக்கு வந்து எல்லோரையும் வெயிலில் நிறுத்தினார். தராசு பத்தொன்பது ஓட்டில் தோற்றிருந்தது.

"நம்ம சாவடிப் பெட்டியில முப்பத்தொரு சீட்டுல ரெண்டு குத்து. எவ வேலை இது? எவன் வேலை?"

அம்சம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்தத் தெருவில் ஓட்டுப் போட்டவர்களே முப்பத்துநாலு பேர்தான்.

தலையைத் தூக்காமல், "நீயுமாடி?" என்றாள் கண்ணாத்தாளிடம்.

"வாய மூடு. பாக்குறான்."